பச்சைப் பெயின்ட்டுக்கு அடியில்

சேசு மரி சூசை துணை

வரிச்சிக்குடி
10-6-1982

மஸ்கட்டில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும் என் வீட்டுக்காரர் செல்வநாதன் அவர்களுக்கு சலோமி எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம், மாடு சுகம், கூரை சுகம். வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற இஞ்சின் மட்டும் இப்போதுதான் காய்ச்சலில் இருந்து எழுந்து உட்கார்ந்திருக்கிறது. உங்கள் சுகத்துக்கு மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். நாலாங்கிளாஸ் படித்தவள் எழுத்து, பிழை இருந்தால் பக்கத்துக் கட்டில் மலையாளத்தாரிடம் காட்டிச் சிரிக்காதீர்கள். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்று நீங்கள் எழுதியதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

இஞ்சின் புகைந்து நின்றுபோனது என்று நான் எழுதியதற்கு நீங்கள் போட்ட பதில் கிடைத்தது. ஹெட் கேஸ்கட் போயிருக்கும், பட்டறைக்குக் கொண்டு போகாதே, கண்டவன் கை படக்கூடாது, நீயே மாற்று, உன்னால் முடியும் என்று எழுதியிருந்தீர்கள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் என்னால் முடியும் என்று நீங்கள் சொன்னது இதுதான் முதல் தடவை. அந்த வரியை மட்டும் வடிவாம்பாளுக்கு வாசித்துக் காட்டினேன். அடுத்த கொல்லைக்காரிக்கு வயிறு எரியாமல் இருக்குமா. அவள் வீட்டுக்காரர் தெட்சிணாமூர்த்தி, அடுப்பு மூட்டக்கூட அவளை நம்ப மாட்டாராம்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆரம்பித்தோம். நான் ஸ்பேனர், வடிவாம்பாள் வாய். நீங்கள் படம் போட்டு அனுப்பிய மாதிரியே டீசல் குழாயைக் கழற்றி, சைலன்சரைக் கழற்றி, நாலு நட்டையும் கழற்றி, இஞ்சினுக்கு மூடி மாதிரி உட்கார்ந்திருக்கிற ஹெட்டை இரண்டு பேருமாகத் தூக்கிச் சாக்கில் வைத்தோம். அதற்கு அடியில் இருந்த பழைய கேஸ்கட் தகடு ஒரு ஓரம் கருகி, தீய்ந்த அப்பளம் போல இருந்தது. சுரண்டித் துடைத்துப் புதுசு வைத்தேன். நட்டை ஒரே பக்கமாக முடுக்காதே, சிலுவை போடுகிற மாதிரி எதிரெதிராக முடுக்கு என்று எழுதியிருந்தீர்களே, அப்படியே பிதா என்று ஒன்று, சுதன் என்று எதிர்த்தாற்போல ஒன்று, பரிசுத்த ஆவி என்று ஒன்று, ஆமென் என்று கடைசி. வடிவாம்பாள் பயந்துபோய்த் தானும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஹேண்டிலைச் சுற்று சுற்று என்று சுற்றினேன். தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். இதுவும் மஸ்கட் போய்விட்டது போலிருக்கிறது என்று வடிவாம்பாள் சொன்னாள். அப்புறம் எனக்கே தோன்றியது, டீசல் குழாயைக் கழற்றி மாட்டினோமே, நடுவில் காற்று பிடித்திருக்கும் என்று. குழாய் நட்டைத் தளர்த்தினேன். முதலில் நுரை நுரையாக வந்தது. நுரை நின்று சுத்தமாக வழிந்ததும் முடுக்கினேன். நாலாவது சுற்றில் பிடித்துக்கொண்டது! இதை எழுத மறந்தது நீங்கள். கண்டுபிடித்தது நான். மஸ்கட்டில் உங்கள் மேஸ்திரியிடம் சொல்லி வையுங்கள், ஊரில் ஒரு ஆள் இருக்கிறது என்று.

ஒரே ஒரு குறை. வெள்ளைப் புகை வருகிறது. திருநாள் பூசையில் சாம்பிராணி போடுகிற மாதிரி. இஞ்சினைக் குளிரவைத்துவிட்டுத் தண்ணீர் திரும்பி வரும் குழாயிலும் பொடிப்பொடியாகக் குமிழி வருகிறது. புதுக் கேஸ்கட் படிகிறவரை அப்படித்தான் இருக்குமா? நாற்று விட்டுப் பத்து நாள் ஆகிறது. ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை. மூன்று மா நிலத்துக் குறுவையும் இந்த இஞ்சினை நம்பித்தான் இருக்கிறது.

பங்குனியில் மஸ்கட்டுக்குப் போகும் முன் ஒரு வாரம் என்னைத் திரும்பிப் பார்க்காமல் அதற்குப் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டு கிடந்தீர்களே, ஏதோ பெண் பார்க்க வருகிற மாதிரி. அந்தப் பெயின்ட்டுக்கு இன்னும் ஒரு கீறல் இல்லை. அப்பா எனக்கென்று கொடுத்த சொத்தை இவ்வளவு ஆசையாக வைத்திருக்கிறாரே என்று அன்றைக்கு நினைத்தேன். சொல்லவில்லை, சொன்னால் உங்களுக்குத் தலை கனத்துவிடும்.

தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

உங்கள் அன்பு மனைவி,
மெக்கானிக் சலோமி


சேசு மரி சூசை துணை

வரிச்சிக்குடி
3-7-1982

அன்பான வீட்டுக்காரருக்குச் சலோமியின் ஸ்தோத்திரம்.

உங்கள் கடிதத்தில் இந்தத் தடவை சுகம் விசாரித்தது ஒரு வரி, திட்டியது ஒன்பது வரி. வடிவாம்பாளோடு கதை பேசிக்கொண்டு, தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்காமல் ஓட்டியிருப்பாய், சூடேறித்தான் முதல் கேஸ்கட் போனது, பொம்பளை கையில் இஞ்சினைக் கொடுத்தது என் புத்தி என்று எழுதியிருந்தீர்கள். அப்படி எழுதிவிட்டு மறுபடியும் பிரித்து மாற்று, பட்டறைக்குப் போகாதே என்று அதே பொம்பளைக்குச் சொன்னால் என்ன நியாயமோ!

ஆனாலும் யோசித்துப் பார்த்தேன். மே மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் வடிவாம்பாள் தன் ஆடு கிணற்றில் விழுந்த கதையைச் சொன்னாள். அவள் கதைக்குள் போனால் ஆடும் வராது, நாமும் வர முடியாது. அன்றைக்குத் தண்ணீர் நின்றிருக்குமோ? நான் பார்க்கவில்லையோ? நினைத்து நினைத்து அப்படித்தான் என்று முடிவுக்கு வந்துவிட்டேன். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னேன். என் கவனக்குறைவால் அப்பா கொடுத்த இஞ்சினைக் கெடுத்துவிட்டேன், வீட்டுக்காரர் மனதை நோக வைத்துவிட்டேன் என்று. சாமியார், இஞ்சின் சூடேறுவது பத்துக் கட்டளையில் எதிலும் வராதும்மா, ஆனாலும் மூன்று அருள் நிறைந்த மரியே செபம் சொல் என்றார். சொன்னேன்.

இரண்டாம் தடவையும் பிரித்து மாற்றினேன். ஆயிலை வடித்துப் பார்த்தால் பால் விட்ட டீ போல இருக்கிறது. ஆயிலில் தண்ணீர் கலந்தால் இப்படித்தான் ஆகும் என்று உங்கள் பழைய கடிதத்திலேயே இருக்கிறது. ஹெட் வளைந்திருக்கிறதா என்று, வடிவாம்பாள் மகள் பள்ளிக்கூடத்து ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். வளையவில்லை. பெயின்ட் உரியாமல் பழைய சேலையைச் சுற்றி வைத்துத்தான் பார்த்தேன், அதற்கும் திட்டாதீர்கள். புதுக் கேஸ்கட் போட்டு, அரைமணி ஓட்டி, ஆறவிட்டு, மறுபடியும் பிதா சுதன் முடுக்கினேன். இவ்வளவு செய்தும் அதே வெள்ளைப் புகை, அதே குமிழி. ஒருமணி நேரம் ஓடுகிறது, மூச்சுத் திணறி நிற்கிறது. நான் இன்னும் என்னதான் தப்பு செய்கிறேன் என்று தெரியவில்லை.

நெடுங்காட்டிலிருந்து உங்கள் அக்கா அந்தோணிமேரி அண்ணி வந்திருந்தார்கள். அவர்கள் வீட்டு அத்தான் இறந்து வருஷம் முடியப் போகிறது, திவசப் பூசைக்குச் சொல்ல வந்தார்கள். நம் இஞ்சின் இருமுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, தம்பி எனக்கும் எழுதியிருந்தான், நீ தண்ணீர் இல்லாமல் ஓட்டிக் கெடுத்துவிட்டாயாமே, நானும் பொம்பளைதான், என் இஞ்சின் கடியாரம் மாதிரி ஓடுகிறது, எல்லாம் கை ராசி என்று சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உங்கள் கை ராசிக்கு ஒரு கேஸ்கட் மாற்றிக் காட்டுங்கள் அண்ணி என்றேன். ஆனால் என்னங்க, எனக்கும் உங்களுக்கும் நடுவில் நடந்ததை அண்ணிக்கு எதற்கு எழுதினீர்கள்? கொஞ்சம் வலித்தது. அவ்வளவுதான்.

நாற்று மஞ்சள் பாய்கிறது. தெட்சிணாமூர்த்தி அண்ணன் கரண்டு மோட்டாரில் இரண்டு தடவை தண்ணீர் விட்டார். மூன்றாவது தடவை கேட்க எனக்கு வாய் வரவில்லை. பத்து நாளைக்குள் நடாவிட்டால் நாற்று மாட்டுக்குத்தான். காரைக்காலில் காஜா மைதீன் பாய் பட்டறைக்கு ஹெட்டை ஒரு நடை கொண்டுபோகட்டுமா? உங்களுக்கு அவரோடு என்ன மனத்தாங்கல்? இத்தனை வருஷமாக அவரைத் தவிர வேறு யாரிடமும் போனதில்லையே நீங்கள்.

பதில் சீக்கிரம் போடுங்கள். என் தப்பு எது என்று மட்டும் சொல்லிவிடுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கை ராசி இல்லாத சலோமி


சேசு மரி சூசை துணை

வரிச்சிக்குடி
24-7-1982

அன்பான வீட்டுக்காரருக்கு,

போகாதே என்று நீங்கள் எழுதிய கடிதம் புதன்கிழமை வந்தது. நான் அதற்கு முந்தின வாரமே, பன்னிரண்டாம் தேதி திங்கட்கிழமையே பாய் பட்டறைக்குப் போய்விட்டேன். நாற்றுக்கு நாள் இருந்தது பத்து, உங்கள் பதிலுக்கு ஆகிறது இருபது. நான் என்ன செய்ய? கோபம் வந்தால் வரட்டும்.

ஹெட்டைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் என்ன சாக்கு, பலாப்பழமா என்றார். ஆமாம், மஸ்கட் பலாப்பழம், வெட்டினால் ஆயில் வரும் என்றேன். பஸ்ஸே சிரித்தது. அதுவரைக்கும் நானும் சிரித்துக்கொண்டுதான் போனேன்.

பாய் நல்ல மனுஷர். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். ஹெட்டைத் திருப்பிப் பார்த்து, வால்வு பக்கத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தார். கொஞ்ச நேரத்தில் நெற்றி வியர்வை மாதிரி ஒரு கோட்டில் கசிந்தது. வெடிப்பு. இதில் ஆயிரம் கேஸ்கட் மாற்றினாலும் நிற்காதும்மா, உங்கள் கை வேலையில் ஒரு குற்றமும் இல்லை, என் பட்டறைப் பையன்கள்கூட இவ்வளவு சுத்தமாகச் சுரண்ட மாட்டார்கள் என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. டீ சூடு என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

அப்புறம் பாய் கசிந்த இடத்துக்கு நேரே பக்கவாட்டில் பெயின்ட்டைச் சுரண்டினார். நீங்கள் ஆசையாக அடித்த பச்சைதான். அடியில் பித்தளை நிறத்தில் வெல்டிங் தழும்பு ஒன்று, விரல் நீளத்துக்கு. பாய் அதைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். உங்கள் வீட்டுக்காரர் எப்போது வருவார் என்று கேட்டார். அடுத்த வருஷம் என்றேன். அவரிடமே கேளுங்கம்மா என்று சொல்லிவிட்டு, வேறு யாரோ கூப்பிட்ட மாதிரி உள்ளே போனார். யாரும் கூப்பிடவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. நானே ஒரு ஆணியை எடுத்து மற்ற பக்கமெல்லாம் சுரண்டினேன். என்னங்க, நம் ஹெட்டில் சிலுவை இருக்குமே? அப்பா தன் மகன்களுக்கு நிலத்தைப் பிரித்து, எனக்கு இஞ்சின் வாங்கிக் கொடுத்தாரே, நகை கேட்காமல் இஞ்சின் கேட்ட பொம்பளை என்று ஊரே சிரித்ததே, அன்றைக்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்த கையோடு நீங்கள் உளி எடுத்து ஹெட்டில் சிலுவை வெட்டினீர்கள். பட்டறையில் மாறிப் போகாமல் இருக்க என்று. குறுக்குக் கோடு கொஞ்சம் சாய்ந்துவிட்டது, உங்கள் நடை மாதிரியே இருக்கிறது என்று நான் கேலி செய்தேன். பதினோரு வருஷம் அதைத் தடவித்தான் நான் இஞ்சினை எழுப்பினேன். நீங்கள் பச்சை அடித்த பிறகு கைக்குத் தட்டுப்படவில்லை, பெயின்ட் அப்பி மறைத்திருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

இந்த ஹெட்டில் சிலுவை இல்லை. சுரண்டிச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிகிறவரை பார்த்துவிட்டேன்.

பட்டறையில் வேறு யாராவது மாற்றிவிட்டார்களா? நீங்கள் பெயின்ட் அடிக்கும்போதே பார்த்திருப்பீர்களே? உங்களுக்குத் தெரியாமல் நடந்திருந்தால் அதையும் எழுதுங்கள், நான் நம்புவேன். பாய் ஏதோ தப்பாக நினைக்கிறார், என் வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர் இல்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

நாற்றில் பாதியை மாடு தின்கிறது. மீதி காய்கிறது. அது கிடக்கட்டும், ஹெட்டுக்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

உங்கள்,
சலோமி


சேசு மரி சூசை துணை

வரிச்சிக்குடி
16-8-1982

வீட்டுக்காரருக்கு,

நேற்று மாதா திருநாள். காரைக்கால் கோயிலில் பூசை பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். உங்கள் கடிதம் ஒன்பதாம் தேதியே வந்தது. வெயில் நூற்றுப் பதினைந்து டிகிரி என்று எழுதியிருந்தீர்கள். மலையாளத்தார் வைக்கிற மீன் குழம்பு எழுதியிருந்தீர்கள். நோட்டீஸ் ஒட்டிய மாதிரி ஒரு பக்கம் நிறைய இருந்தது. ஹெட்டைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. திருப்பிப் பார்த்தேன். மடிக்கிற ஓரத்திலும் பார்த்தேன்.

என் இஞ்சின் கடியாரம் மாதிரி ஓடுகிறது என்று அண்ணி சொன்னது ஞாபகம் வந்து, மறுநாள் நெடுங்காட்டுக்குப் போனேன். அண்ணிக்குக் கருவாடு கொண்டுபோகிற சாக்கில். கொல்லையில் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. எழுபது அடிக்கு முன்னாலேயே எனக்கு அந்தச் சத்தம் தெரிந்தது. பெற்ற பிள்ளை அடுத்த வீட்டில் சிரித்தால் தெரியாதா. கிட்டே போய்ப் பார்த்தேன். சாய்ந்த சிலுவை. அதற்குக் கீழே ஒரு துளி மெழுகு உருகி ஒட்டியிருந்தது.

அண்ணி பெருமையாகச் சொன்னார்கள். பங்குனியில் என் ஹெட் வெடித்துவிட்டது சலோமி, அவரும் இல்லை, நான் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன், தம்பிதான் பழசைத் தூக்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு எங்கேயோ தேடி இதை வாங்கிவந்து மாட்டிக் கொடுத்தான், சிலுவை போட்ட ஹெட்டாகப் பார்த்து வாங்கியிருக்கிறான் பார், மாதா கொடுத்தது என்று தினமும் மெழுகுவர்த்தி வைக்கிறேன் என்றார்கள். அண்ணிக்கு ஒன்றும் தெரியாது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் சொல்லவில்லை. ஆமாம் அண்ணி, உங்கள் தம்பி நல்ல தம்பி என்றேன். கருவாட்டைக் கொடுத்தேன். கை ராசி உங்களுக்குத்தான் என்றும் சொன்னேன். திரும்பும்போது அதே பஸ்தான். கண்டக்டர் இன்றைக்குப் பலாப்பழம் இல்லையா என்று கேட்டார். சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்குப் பதில் வராத நாளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

பாயிடம் போய்க் கேட்டேன். இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று அவரும் சொன்னார். வெடித்த ஹெட்டை நீங்கள்தான் கொண்டுவந்தீர்களாம், அவர்தான் வெல்டிங் வைத்தாராம், இது பத்து நாள் தாங்கினால் பெரிது என்று சொல்லித்தான் கொடுத்தாராம். பத்து நாள். அண்ணியின் வெடித்த ஹெட்டை என் இஞ்சினில் மாட்டிவிட்டுப் பிளேன் ஏற உங்களுக்கு அத்தனை நாள் போதும்.

என்னங்க, கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்று எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன். உடனே கொடுத்திருக்க மாட்டேன். ஒரு நாள் சண்டை போட்டிருப்பேன். இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன். நாலாம் நாள், தாலி அறுத்தவள் கொல்லை காயக்கூடாது என்று நானே ஸ்பேனரை எடுத்துக் கையில் கொடுத்திருப்பேன். அந்த நாலு நாளுக்குப் பயந்துகொண்டு ஒரு வாரம் பெயின்ட் அடித்தீர்கள்.

ஹெட் போனதுகூடப் பரவாயில்லை. உன்னால் முடியும் என்று எழுதினீர்களே. அந்தத் தாளை நான் செபமாலைப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். பட்டறைக்குப் போனால் பாய் கண்டுபிடித்துவிடுவார் என்றுதான் அப்படி எழுதினீர்கள் என்று இப்போது தெரிகிறது. வெடித்த ஹெட் என்று தெரிந்துகொண்டே இரண்டு தடவை பிரிக்க வைத்தீர்கள். நான் தண்ணீர் இல்லாமல் ஓட்டினேன் என்று அக்காவுக்கும் எழுதினீர்கள். கடைசியில் நானே அதை நம்பினேன். செய்யாத பாவத்துக்கு முழங்கால் போட்டு மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லியிருக்கிறேன். அதைத் திருப்பிக் கேட்க முடியாது என்று சாமியார் சொல்வார். அது உங்களுக்கே சேரட்டும், உங்களுக்குத்தான் தேவைப்படும்.

குறுவை போய்விட்டது. சம்பாவுக்கு நாற்று விட வேண்டும். பாய் நாகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பழைய ஹெட் தேடிக் கொடுத்தார், நல்ல ஹெட். மாட்டுகிறேன் என்று ஆள் அனுப்பினார். வேண்டாம் பாய், நானே போட்டுக்கொள்கிறேன் என்றேன். வடிவாம்பாள் கூட இருந்தாள், முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு இருந்தாள். எதிரெதிராக முடுக்கினேன். இந்தத் தடவை பிதா சுதன் சொல்லவில்லை, ஒன்று இரண்டு மூன்று நாலு என்று எண்ணினேன். இரண்டாவது சுற்றிலேயே பிடித்தது. புகை இல்லை, குமிழி இல்லை. ஆயில் தேன் மாதிரி இருக்கிறது. நல்லபடியாக ஓடுகிறது.

அண்ணியிடம் நான் எதுவும் சொல்ல மாட்டேன். அந்தச் சிலுவை அங்கேயே இருக்கட்டும், மெழுகுவர்த்தி எரியட்டும். இந்தப் புது ஹெட்டில் பெயின்டும் இல்லை, சிலுவையும் இல்லை. உளி உங்கள் பெட்டியிலேயே இருக்கிறது. நான் தொடவில்லை.

அடுத்த கடிதத்தில் வால்வு, ஆயில், மீன் குழம்பு எதுவும் எழுத வேண்டாம். செய்தேன் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். எழுதக் கை வராவிட்டால் வெறும் தாளையாவது மடித்து அனுப்புங்கள், எனக்குப் புரியும். மீன் குழம்பு மட்டும் எழுதாதீர்கள்.

வெயிலில் தலைக்குத் துண்டு போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் குடிக்காமல் வேலை செய்யாதீர்கள். சூடேறினால் எது வெடிக்கும் என்று வெளியே தெரியாது. மாதா உங்களைக் காப்பாற்றி, போன மாதிரியே கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
சூசைமுத்து மகள் சலோமி

கையெழுத்தில் அப்பா பேர் வந்து விழுந்துவிட்டது. வேண்டுமென்று போடவில்லை. அடித்துத் திருத்த இந்தத் தாளில் இடம் இல்லை. நீங்கள் வந்து திருத்துங்கள்.